புல்லாக்கு தொங்கும் இடம்

(வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், திருநெல்வேலியில் முப்பது வருடங்களாக ப்ளாஸ்டிக் சர்ஜரி செய்துவரும் பெண் மருத்துவர்.)

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 27 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் ஏற்றுமதிப் பிரிவில் வேலை. நேராகப் பார்த்தால் என் மூக்கில் ஒரு குறையும் இல்லை. பக்கவாட்டில் பார்த்தால் மட்டும் இரண்டு துவாரத்துக்கும் நடுவில் உள்ள சதை கீழே தொங்குகிறது. அக்கா கல்யாண வீடியோவைப் பார்க்கும் வரை எனக்கே இது தெரியாது. வீடியோக்காரர் மேடைக்குப் பக்கத்திலேயே நின்று எடுத்துத் தள்ளியிருக்கிறார். இப்போது எனக்கு வரன் பார்க்கிறார்கள். ஒரு கிளினிக்கில் போய்க் கேட்டேன். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "மூக்கைத் திறந்து, நுனியைத் தூக்கி, மேலே எலும்பையும் கொஞ்சம் ராவி, எல்லாம் சேர்த்தே பண்ணிடலாங்க" என்றார்கள். எனக்குத் தொங்குவது மட்டும் சரியானால் போதும். அதை மட்டும் செய்ய முடியாதா? அப்பாவுக்கு இந்தப் பேச்சே பிடிக்கவில்லை. இரண்டு போட்டோ அனுப்பியிருக்கிறேன். – வாசகி, திருப்பூர்

பதில்: அந்த இடத்தை மருத்துவத்தில் கொலுமெல்லா என்பார்கள். லத்தீனில் 'சின்னத் தூண்' என்று பொருள். நம் பேச்சு வழக்கில் அதற்கென்று ஒரு பெயரை நான் கேட்டதில்லை. ஆனால் அங்கே தொங்கும் நகைக்குப் பெயர் இருக்கிறது: புல்லாக்கு. என் ஆச்சி போட்டிருந்தாள். சாப்பிடும்போது இடது கை விரலால் அதை லேசாகத் தூக்கிக்கொண்டுதான் கவளத்தை வாயில் வைப்பாள். ரசம் குடித்தால் அது டம்ளர் விளிம்பில் 'டிங்' என்று தட்டும். இன்றைக்கும் பரதநாட்டிய மேடைகளில் அதைப் பார்க்கலாம், பெரும்பாலும் துளை இல்லாமல் கவ்விப் பிடிக்கிற வகை. என் அறைக்கு வருகிறவர்கள் எங்கே குறை என்று சொல்லத் தெரியாமல் விரலால் காட்டும்போது, "புல்லாக்கு போடுகிற இடமா?" என்று கேட்பேன். உடனே தலையாட்டுவார்கள். இந்தப் பதிலில் அதை நடுத்தண்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

சரி, உங்கள் போட்டோவுக்கு வருவோம். ஒன்று செல்ஃபி, இன்னொன்று வீடியோவிலிருந்து எடுத்த படம். இரண்டுமே எனக்கு உதவவில்லை. கை நீட்டும் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு பெரிதாகத்தான் விழும். 12 அங்குலத்தில் எடுத்தால், 5 அடி தள்ளி எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று அமெரிக்காவில் 2018-ல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உங்கள் வீடியோப் படத்திலோ நீங்கள் அக்காவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தலையைத் தூக்கியிருக்கிறீர்கள். தலையைத் தூக்கினாலும் தாழ்த்தினாலும் துவாரம் தெரியும் அளவு மாறிவிடும். யாரையாவது ஐந்தடி தள்ளி நிற்கச் சொல்லி, போனை உங்கள் மூக்கு உயரத்தில் பிடிக்கச் சொல்லி, சிரிக்காமல், பார்வை நேராகச் சுவரில் இருக்கும்படி இரண்டு பக்கமும் எடுங்கள்.

அப்படி எடுத்த படத்தில் மூக்குமடலின் (துவாரத்தின் வெளிப்பக்கச் சதை) விளிம்புக்குக் கீழே நடுத்தண்டு கொஞ்சம் தெரியும். தெரியத்தான் வேண்டும். 2 முதல் 4 மில்லிமீட்டர் வரை தெரிந்தால் அது எல்லோருக்கும் இருப்பது. அதைத் தாண்டினால்தான் தொங்குகிறது என்ற பேச்சு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அந்த ஐந்து நிமிடத்தில் உங்களுக்கு யாரும் சொல்லாதது. நடுத்தண்டு நிறையத் தெரிகிறது என்றால் அது கீழே இறங்கியிருக்கிறது என்றுதான் பொருளா? இல்லை. ஜன்னல் நிறையத் தெரிய இரண்டு காரணம் இருக்கலாம், ஜன்னல் பெரியதாக இருக்கலாம், திரை சுருங்கி மேலே ஏறியிருக்கலாம். மூக்குமடல் மேல்நோக்கி வளைந்து ஏறியிருந்தால், நடுத்தண்டு அதன் இடத்தில் ஒழுங்காக இருந்தாலும் தொங்குவதுபோலத்தான் தோன்றும். 1996-ல் அமெரிக்காவில் டல்லாஸைச் சேர்ந்த ஜாக் கன்ட்டர் என்ற சர்ஜனும் அவர் கூட்டாளிகளும் இதைப் பிரித்துப் பார்க்க ஒரு எளிய வழி சொன்னார்கள். பக்கவாட்டுப் படத்தில் துவாரத்தின் நீளவாக்கில், முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே மடல் விளிம்பு வரை எவ்வளவு, கீழே நடுத்தண்டு வரை எவ்வளவு என்று பாருங்கள். இரண்டுமே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டருக்குள் இருந்தால் சரி. கீழே மட்டும் கூடினால் தண்டு தொங்குகிறது. மேலே மட்டும் கூடினால் மடல் ஏறியிருக்கிறது. இரண்டும் கூடினால் இரண்டு கோளாறும் இருக்கிறது. அவர்கள் மொத்தம் ஆறு வகை சொன்னார்கள், உங்களுக்கு இந்த மூன்று போதும்.

இதை ஏன் இவ்வளவு வளர்க்கிறேன் என்றால், மடல் ஏறியிருக்கும் மூக்கில் போய் நடுத்தண்டை வெட்டினால் மூக்கு மொத்தமும் குட்டையாகி, எதிரே நிற்பவருக்குத் துவாரம் இரண்டும் தெரியும். அந்த மூக்குக்கு வேண்டியது மடல் விளிம்பில் ஒரு சின்னக் குருத்தெலும்புத் துண்டைச் செருகி அதைக் கீழே இறக்குவது. வெட்டுவதற்கு நேர் எதிரான வேலை.

உங்களுக்கு உண்மையாகவே தண்டுதான் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் தொங்கும்? மூக்குக்கு நடுவில் ஒரு சுவர் இருக்கிறது அல்லவா, அதன் முன்பகுதி குருத்தெலும்பு. சிலருக்கு அது பிறவியிலேயே கொஞ்சம் நீளம், பின்னாலிருந்து தண்டைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். சிலருக்குத் தண்டுக்குள்ளேயே இருக்கும் இரண்டு மெல்லிய குருத்தெலும்புப் பட்டைகள் அகலமாகவோ வில்போல வளைந்தோ இருக்கும். சிலருக்குச் சுவருக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள சவ்வு கூடுதல். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இரண்டு துவாரத்துக்குள்ளும் லேசாக விட்டுத் தண்டுக்குச் சற்றுப் பின்னால் தொட்டுப் பாருங்கள். எலும்பில்லாமல் மெத்தென்று ஒரு இடம் அகப்படும். அதுதான் அந்தச் சவ்வு. ஆச்சி காலத்தில் புல்லாக்குக்குக் குத்தியதும் அங்கேதான். நான் கத்தி வைப்பதும் அங்கேதான். தட்டான் கண்டுபிடித்து வைத்த இடம்.

எது காரணம் என்பதைப் போட்டோவில் சொல்ல முடியாது, தொட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் கேள்வி, அதை மட்டும் செய்ய முடியாதா என்பது. முடியும். காரணம் அது ஒன்றுதான் என்றால் தாராளமாக முடியும். மூக்கின் வெளியே ஒரு கீறலும் இல்லாமல் துவாரத்துக்குள்ளிருந்தே செய்யலாம். மரத்துப்போக ஊசி, கூடவே கொஞ்சம் மயக்கம். சுவரின் முன்விளிம்பிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கீற்றை எடுப்போம். நகம் வெட்டிப் போடும் துண்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அவ்வளவுதான். கூடுதலாக உள்ள சவ்வையும் அதே அளவுக்கு எடுத்துவிட்டு, தண்டை மேலே தள்ளித் தானே கரையும் நூலால் சுவரோடு தைத்துவிடுவோம். எதையும் எடுக்காமலேயே சுவரைத் தண்டின் இரண்டு பட்டைகளுக்கு நடுவில் செருகித் தைக்கும் முறையும் உண்டு. தச்சர் ஒரு பலகையில் காடி எடுத்து இன்னொரு பலகையின் நாக்கை அதில் இறக்குவார் பாருங்கள், அப்படி. ஆங்கிலத்திலும் அதற்குத் தச்சு வேலைப் பெயரையேதான் வைத்திருக்கிறார்கள். அது உறுதியாக நிற்கும், ஆனால் மூக்கு நுனி முன்பு போல வளைந்து கொடுக்காது. குழந்தை முத்தம் கொடுக்கும்போது நுனி விறைப்பாக இருக்கிறது என்று ஒரு அம்மா என்னிடம் வருத்தப்பட்டாள். அதை முன்னாலேயே சொல்லிவிடுவது என் வழக்கம்.

முக்கால் மணி நேர வேலை. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். எலும்பைத் தொடாததால் மூக்கின் மேல் மாவுக்கட்டு கிடையாது.

ஆனால் எளிது என்று சொன்னதால் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும், அதற்கு என் கதையையே சொல்கிறேன். நான் தனியாக ஆபரேஷன் செய்ய ஆரம்பித்த நாலாவது வருடம். கோவில்பட்டிப் பக்கத்து டீச்சர் ஒருவர், உங்கள் குறைதான். ஊசி போட்டேன், வெட்டினேன், பார்த்தால் இன்னும் தொங்குவதுபோல இருந்தது. இன்னொரு கீற்று எடுத்தேன். அப்போதும் திருப்தியில்லை, இன்னொன்று. ஊசி மருந்து தண்ணீர் அல்லவா, அந்தத் தண்ணீரே தண்டை உப்ப வைத்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவில்லை. ஆறு வாரம் கழித்து வீக்கம் வடிந்ததும் தண்டு உள்ளே ஏறிப்போய், மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. அந்த அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. "பழைய மூக்கே தேவலை போல டாக்டர்" என்றார். ஒரு வருடம் காத்திருந்து, அவர் காதிலிருந்து குருத்தெலும்பு எடுத்து வைத்துச் சரிசெய்தேன், பணம் வாங்கவில்லை. அன்றிலிருந்து ஊசி போடுவதற்கு முன்னாலேயே அளந்து, எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதி, தியேட்டர் சுவரில் ஒட்டிவிடுவேன். மேஜையில் என்ன தோன்றினாலும் அந்த எண்ணைத் தாண்டுவதில்லை. உங்களுக்கு யார் செய்தாலும், "எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள், எப்போது அளப்பீர்கள்?" என்று கேளுங்கள். முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

எங்கே எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். நுனிக்குப் பக்கத்தில் கூடுதலாக எடுத்தால் நுனி மேலே திரும்பும். உதட்டுக்குப் பக்கத்தில் எடுத்தால் மூக்கும் மேலுதடும் சேரும் மூலை உள்வாங்கும். நுனி மாற வேண்டாம் என்றால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் எடுக்க வேண்டும். "எனக்கு நுனி இப்படியே இருக்கட்டும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

அந்த கிளினிக் சொன்ன பட்டியலை நான் முழுக்கத் தப்பென்று சொல்லமாட்டேன். நுனியே தொங்கும் மூக்கில் தண்டை மட்டும் தூக்கினால் நுனி இன்னும் தொங்குவதுபோல் தெரியும், அப்போது சேர்த்துத்தான் செய்ய வேண்டும். ஆனால் அதை அளந்து சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் கேட்காத எலும்பை ராவுவது எதற்கு?

அப்புறம் சில்லறை விஷயங்கள். பத்து நாள் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். ஒரு வாரம் தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை எடுத்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ரத்தம் உறைவதைக் கெடுக்கும். வெளியே தெரியும் வீக்கம் இரண்டு வாரத்தில் போகும், கடைசி வடிவம் வர ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். முகூர்த்தம் குறித்த பிறகு வராதீர்கள். குறைந்தது மூன்று மாத இடைவெளி வேண்டும். நிச்சயதார்த்தத்துக்கு இருபது நாள் இருக்கும்போது வந்து உட்காரும் பெண்களைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

பணம்: அழகுக்காகச் செய்வதற்கு காப்பீடு கிடைக்காது, மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், வரி என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டரின் பதிவு எண்ணைத் தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலில் சரிபாருங்கள். எம்.சிஎச். ப்ளாஸ்டிக் சர்ஜரி பட்டம் பெற்றவராகவோ, மூக்கு வேலையில் பழகிய இ.என்.டி. (காது-மூக்கு-தொண்டை) சர்ஜனாகவோ இருக்கலாம்.

அப்பாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். உங்கள் மூக்கு அவர் மூக்காக இருக்குமோ? பெரும்பாலும் அதுதான் கோபத்துக்குக் காரணம். ஒரு தடவை அவரையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வரன் வீட்டார் யாராவது வாய்விட்டுச் சொன்னதால் இந்த எண்ணம் வந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படித் தெரியவில்லை, வீடியோக்காரர்தான் குற்றவாளி.

கேள்வி: நான் நாகஸ்வரம் வாசிப்பவன், வயது 38. மூக்கின் நடுச்சுவர் கோணலாகி அதன் முன்முனை வலது துவாரத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. மூச்சும் அடைக்கிறது, நடுப்பகுதியும் தொங்குகிறது. ஆபரேஷன் செய்தால் வாசிப்பு கெடுமா? – வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்களுக்கு இரண்டையும் ஒரே மேஜையில் சரிசெய்யலாம். துருத்தி நிற்கும் அந்த முனையைத்தான் எப்படியும் நேராக்க வேண்டும் அல்லது கொஞ்சம் எடுக்க வேண்டும். அதை எடுத்தாலே தண்டும் மேலே போகும். சுவரை எவ்வளவு எடுத்தாலும் மேலேயும் முன்னேயும் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு ட வடிவில் சட்டம் விட்டுவைக்க வேண்டும், அதுதான் மூக்கைத் தாங்கும் உத்தரம். மூச்சடைப்புக்கான பகுதி சிகிச்சை என்பதால் காப்பீட்டில் கேட்டுப் பார்க்கலாம். அழகுக்கான பகுதியைத் தனி ரசீதாகக் கேளுங்கள்.

வாசிப்பு விஷயம் நியாயமான பயம். தண்டின் அடியில் ஒரு சின்னத் தசை மேலுதட்டோடு சேர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் கை வைத்தால் மேலுதடு சில வாரம் விறைத்துப் போகும், சிரிப்பே வேறு மாதிரி இருக்கும். சீவாளியைக் கவ்வும் உங்களுக்கு அது பெரிய தொந்தரவு. சர்ஜனிடம் முதல் வார்த்தையாக உங்கள் தொழிலைச் சொல்லுங்கள், அந்தத் தசையைத் தொடாமலே செய்ய முடியும். என் நோயாளியாக இருந்தால் ஆறு வாரம் வாத்தியத்தைத் தொட விடமாட்டேன். ஊதும்போது மூக்குக்குள் ஏறும் அழுத்தம் தையலைப் பிரித்துவிடும். அதனால் தையிலும் வைகாசியிலும் வேண்டாம். மார்கழி முகூர்த்தமில்லாத மாதம்தானே என்று நினைப்பீர்கள், உங்களுக்கு அது கோயில் மாதம். ஆடியில் வாருங்கள். வெற்றிலை போடுவது பரவாயில்லை, புகையிலையும் சிகரெட்டும் ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும், புண் ஆறாது.

கேள்வி: எனக்குச் சும்மா இருக்கும்போது சரியாக இருக்கிறது. சிரித்தால் மட்டும் மூக்கு நுனியும் நடுவும் கீழே இழுக்கிறது. – வாசகி, நாகர்கோவில்

பதில்: நாகஸ்வரக்காரருக்குச் சொன்னேனே, அதே தசைதான். சிரிக்கும்போது அது நுனியைக் கீழே இழுக்கிறது. குருத்தெலும்பை வெட்டினால் பயனில்லை. அளவாக போடாக்ஸ் (தசையைத் தளர்த்தும் ஊசி) போட்டால் மூன்று நான்கு மாதம் அடங்கியிருக்கும், பிறகு பழையபடி வரும். நிரந்தரமாக வேண்டுமென்றால் வாய்க்குள்ளிருந்தோ மூக்குக்குள்ளிருந்தோ தசையை விடுவிக்கலாம். போடாக்ஸ் கொஞ்சம் கூடிப்போனால் மேலுதடு இறங்கி, சிரிப்பே சப்பென்று ஆகிவிடும். உங்களுக்கு நல்ல சிரிப்பு என்று போட்டோவில் தெரிகிறது. நான் கையை வைக்கத் தயங்குவேன்.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. மூக்கின் நடு தொங்குகிறது என்று அழுகிறாள். ஆன்லைனில் மூக்கைத் தூக்கும் கிளிப் வாங்கியிருக்கிறாள். பியூட்டி பார்லரில் ஃபில்லர் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்களாம். – தாய், விருதுநகர்

பதில்: கிளிப்பால் ஒன்றும் ஆகாது. குருத்தெலும்பு என்ன களிமண்ணா, அழுத்தி வைத்த இடத்தில் நிற்க? அதிக நேரம் போட்டால் உள்ளே புண்ணாகும். பிடுங்கி எறியுங்கள்.

ஃபில்லர் விஷயத்தில் நான் கடுமையாகவே சொல்கிறேன், வேண்டாம். ஃபில்லர் என்பது நிரப்புவது. ஏற்கெனவே கூடுதலாக இருக்கும் இடத்தில் எதை நிரப்ப? சுற்றியுள்ள இடத்தை உப்ப வைத்து மறைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்தவை. மருந்து தவறிக் குழாய்க்குள் போனால் மூக்குத் தோல் கறுத்து அழுகும், பார்வையே போனவர்களும் உண்டு. முகத்தில் ஃபில்லர் போட ஆபத்தான இடங்களில் மூக்கும் நெற்றி நடுவும் முன்வரிசை. பார்லரில் அதைத் தொடவே கூடாது.

ஆபரேஷனுக்கு வயது போதாது. பெண்களுக்கு 15, 16 வயது வரை, ஆண்களுக்கு 17, 18 வரை மூக்கு வளரும். வளர்கிற வயதில் மூக்கு முகத்தை முந்திக்கொண்டு ஓடும், பிறகு முகம் எட்டிப் பிடிக்கும். அதற்குள் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நாளில் எத்தனை தடவை கண்ணாடி பார்க்கிறாள், பள்ளிக்குப் போக மறுக்கிறாளா, கையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாளா. அப்படியென்றால் மூக்கு டாக்டருக்கு முன்னால் மனநல மருத்துவரிடம் ஒரு தடவை பேசட்டும். மூக்கு சரியாக இருந்தும் சரியில்லை என்று மனம் அடம்பிடிக்கும் நோய் ஒன்று இருக்கிறது. அதற்கு எத்தனை ஆபரேஷன் செய்தாலும் போதாது. வகுப்பில் யாராவது பட்டப்பெயர் வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். பதினான்கு வயது அழுகைக்குப் பாதி நேரம் ஒரு பட்டப்பெயர்தான் காரணமாக இருக்கிறது.

கேள்வி: மூக்கு ஆபரேஷன் வெள்ளைக்காரர்கள் நமக்குக் கற்றுக்கொடுத்ததா? – வாசகர், சிவகாசி

பதில்: அவர்கள்தான் நம்மிடம் கற்றார்கள். பழைய ஆயுர்வேத நூலான சுச்ருத சம்ஹிதையிலேயே இலையை வைத்து அளவெடுத்து, தோலை வெட்டித் திருப்பி மூக்குக் கட்டும் முறை இருக்கிறது. துவாரம் மூடிப்போகாமல் இருக்க இரண்டு குழல் வைக்கச் சொல்கிறது. 1794-ல் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மன்ஸ் மேகசின்' இதழில் ஒரு கடிதம் வந்தது. ஆங்கிலேயப் படையில் மாட்டு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் சிக்கி மூக்கை இழந்தார். புனே பக்கத்தில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் மெழுகில் அச்செடுத்து, நெற்றித் தோலை இறக்கி அவருக்கு மூக்கு வைத்ததைப் படத்தோடு எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டுத்தான் ஜோசப் கார்ப்பியூ என்ற சர்ஜன் லண்டனில் 1814-ல் செய்து பார்த்தார். நெற்றித் தோலை வெட்டும் முறையில் நடுவில் நாக்குபோல ஒரு துண்டு விட்டுவைப்போம், நடுத்தண்டு அதிலிருந்துதான் வரும். இல்லாதவருக்கு அதை உண்டாக்குவது எவ்வளவு பாடு என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இருப்பதை வெட்ட எனக்குக் கை கூசுகிறது.

எங்கள் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. பாம்படம் போட்டுக் காது தோள்வரை தொங்கிய பாட்டிகள். நான் தொழில் தொடங்கியபோது மூக்குக்கு ஒருவர் வந்தால் காதுக்கு இருபது பேர் வருவார்கள். ஊரில் எனக்கு இன்றைக்கும் 'காது தைக்கிற டாக்டரம்மா' என்றுதான் பெயர்.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். போட்டோவில் உங்கள் மூக்கே பக்கவாட்டில் தொங்குவதுபோல இருக்கிறதே. நீங்கள் ஏன் செய்துகொள்ளவில்லை? – வாசகர், மதுரை

பதில்: கண் கூர்மைதான். ஆச்சி மூக்கு. அளந்தும் பார்த்திருக்கிறேன், ஐந்து மில்லிமீட்டர் தெரிகிறது, பாடப்புத்தகக் கணக்குப்படி நானே நோயாளி. என்னிடம் படித்த பையன் ஒருவன் வருடம் தவறாமல், "மேடம், முக்கால் மணி நேரம்தான், நான் செய்துவிடுகிறேன்" என்கிறான். எனக்கு ஐப்பசியில் பிடிக்கும் சளி பங்குனி வரை விடாது. பத்து நாள் மூக்கைச் சிந்தாமல் இரு என்று நோயாளிகளுக்குச் சொல்கிறேனே தவிர, என்னால் அரை நாள் இருக்க முடியாது.